பொருத்தமான அளவு உப்பு

நீ பாரும்மா, போனை ஏன் அந்தப் பக்கம் திருப்புதே. சமையல் வீடியோதானே, நான் என்ன கண்ணா வச்சிரப் போறேன். அந்தப் பொம்பள பூண்டை நசுக்குத விதத்தைப் பார்த்ததும் என் கண்ணு தானாப் போயிருச்சு. நானும் ஒன்பது மாசம் இப்படி போனும் கையுமா இருந்தவதான். அதுவும் சாம்பாரு, புளிக்கொழம்புன்னு பாக்கல. சீனாக்காரங்க வீட்டுச் சமையல். சிரிக்காத. ரோட்டோரத்துல வண்டியில வச்சு வறுத்துக் குடுக்கானே, அது இல்ல. அவங்க வீட்டுக்குள்ள தெனமும் ஆக்கித் திங்கது. அதைக் கத்துக்கிட்டேன். கத்துக்கிட்டு, மனுசங்களை நம்பிக் கெட்டேன்.

நீ திருநெவேலி வரைக்குமா? நானும் அந்தப் பக்கந்தான். பாளையங்கோட்டையில எங்க அண்ணன் வீடு இருக்கு, இனிமே எனக்கு அங்கதான். பஸ்ஸு போயிச் சேருத வரைக்கும் பேசிக்கிட்டு வரலாம்லா? எடைஞ்சலா இருந்தா சொல்லிரு, பேசாம இருந்துக்கிடுதேன்.

எம்பேரு ஆவுடையம்மா. நாங்க சுத்த சைவம். எங்க வீட்டுல முட்டை வாசப்படி தாண்டாது. எங்க வீட்டுக்காரவுக போயிச் சேந்தப்போ, அண்ணன் வந்து கையோட கூப்பிட்டான். நான் போகல. மதினி அடுப்படியில ரெண்டாவது பொம்பளையா நின்னு வெங்காயம் உரிக்கதுக்கு என்னால முடியாதும்மா. எனக்குன்னு ஒரு அடுப்பு வேணும். அந்த நேரத்துல தூத்துக்குடி கடற்கரைப் பக்கம் ஒரு கரண்டு கம்பெனி கெஸ்ட் ஹவுஸ்ல சமையலுக்கு ஆள் கேட்டாவ. போயிட்டேன். இட்லி, பொங்கல், அவியல், சொதின்னு பெரிய பெரிய ஆபீசரெல்லாம் சாப்பிட்டுப் போவாவ. ரெண்டு வருசம் ராசாத்தி மாதிரி இருந்தேன்.

அங்க எனக்குக் கீழ பாத்திரம் கழுவ, காய் நறுக்க, கூட்டிப் பெருக்க ஒருத்தி. மெட்டில்டான்னு பேரு. கெஸ்ட் ஹவுஸ் கேட்டைத் தாண்டி நாலு வீடு போனா அவ வீடு. கடக்கரைக்காரி, வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவ. என்னைவிட பத்து வயசு கம்மி. நல்ல கருப்பு, நல்ல சிரிப்பு. யக்கா யக்கான்னு காலைச் சுத்திக்கிட்டே கெடப்பா. எனக்கும் மேலுக்கு முடியலன்னா அவதான் கால் அமுக்கி விடுவா. கூடப்பொறந்தவ கணக்காத்தான் வச்சிருந்தேன். நான் பொய் சொல்லல.

பெறவு சீனாவுலயிருந்து இஞ்சினியருமாருங்க வந்தாவ. அஞ்சு பேரு. மெஷினை மாட்டிட்டு நாலு பேரு போயிட்டாவ, ஒருத்தரு மட்டும் ரெண்டு வருசம் இருந்து பாத்துக்கிடணும்னு இருந்தாரு. லியாங் சாருன்னு பேரு. அம்பது வயசு இருக்கும். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு. நம்ம சாப்பாடு அவருக்கு ஒத்துக்கிடல. சாம்பாரை மோந்து பாத்துட்டு வச்சிருவாரு. சரி, சீனாக்காரருதானேன்னு மேனேஜரு செல்வின் தம்பி கடையிலயிருந்து ஃப்ரைட் ரைஸும் மஞ்சூரியனும் வாங்கிக் குடுத்தாரு. அதைக் கரண்டியால பெரட்டிப் பெரட்டிப் பாத்துட்டு, இது எந்த நாட்டுச் சாப்பாடுன்னு மரியாதையாக் கேட்டாரும்மா. செல்வின் தம்பிக்கு மூஞ்சி செத்துப் போச்சு.

ஆளு நாளுக்கு நாளு எளைச்சாரு. பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டுக்கிட்டாரு. பிஸ்கட்டும் வாழப்பழமுமா ஒரு மாசம். செல்வின் தம்பி எங்கிட்ட வந்து, யக்கா, மேலயிருந்து சொல்லியாச்சு, சாரு சாப்பிடலன்னா மெட்ராஸ்லயிருந்து சீனாச் சமையல் தெரிஞ்ச ஆளைக் கொண்டாரப் போறாவ, வந்தா கிச்சன் அவனுக்குத்தான், நீங்க வேணா அவனுக்கு ஒத்தாசையா இருங்கன்னாரு. ஒத்தாசை. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கே? அண்ணன் வீட்டுல வெங்காயம் உரிக்க மாட்டேன்னு வந்தவ, எவனோ ஒருத்தனுக்கா உரிக்கப் போறேன். ஒரு வாரம் குடுங்க தம்பி, நானே ஆக்குதேன்னு சொல்லிட்டேன்.

எம் மகன் தோஹாவுலயிருந்து அனுப்பின போன் ஒண்ணு இருந்துச்சு. அதுல தேடினேன். அப்பத்தான் அவ கெடைச்சா. சீனாக்காரி, என் வயசுதான் இருக்கும். செவப்பு ஏப்ரன் கட்டியிருப்பா. சின்ன அடுப்படி, பின்னால ஒரு சன்னல். மேக்கப்பு இல்ல, ஆட்டம் பாட்டம் இல்ல. அவ பாட்டுக்கு நறுக்குவா, வதக்குவா. கீழ தமிழ்ல எழுத்து ஓடும். மெஷினு எழுதுன தமிழு. 'வெங்காயத்தை நறுமணம் வரும்படி வெடிக்கச் செய்யவும்'னு போடும். எனக்குப் புரிஞ்சிரும்மா. அடுப்படி பாஷை ஒண்ணுதானே. நான் அவளுக்கு மதினின்னு பேரு வச்சேன். தெனமும் கீழ 'வணக்கம் மதினி'ன்னு எழுதிப் போடுவேன். அவ ஒரு பூப்படம் அனுப்புவா. அதுவே எனக்குப் பெரிய ஒறவாத் தெரிஞ்சுது.

ஆனா அவகிட்டயும் ஒரு கள்ளத்தனம் இருந்துச்சு. உப்பு எவ்வளவுன்னு சொல்லவே மாட்டா. 'பொருத்தமான அளவு உப்பு'. அவ்வளவுதான். சோயா சாஸ் பொருத்தமான அளவு. சீனி பொருத்தமான அளவு. எதுக்குப் பொருத்தம், யாருக்குப் பொருத்தம்னு சொல்ல மாட்டா. நானும் அவ கையையே பாத்துக்கிட்டிருப்பேன். ரெண்டு வெரலால எடுத்தாளா, மூணு வெரலால எடுத்தாளான்னு. ஒரே இடத்தை இருவது தடவை ஓட்டிப் பாப்பேன். கடைசியில அவ ஒரு கரண்டி எடுத்து வாயில ஊத்திப் பாத்துத் தலையாட்டுவா. அந்த இடம் வந்ததும் நான் நிறுத்திருவேன். சமைக்கும்போதே வாயில வைக்கதைப் பாக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அதுல கத்துக்க என்ன இருக்கு?

எங்க வீட்டு வழக்கம் அதும்மா. அடுப்புல இருக்கதை நாக்குல வச்சுப் பாக்கக் கூடாது. வச்சா அது எச்சில். பெறவு எப்படி ஒருத்தருக்குப் பரிமாறுதது? கொழம்பு கொதிக்கும்போது வர்ற வாசத்தை வச்சே உப்பு ஏறியிருக்கா இல்லையான்னு நான் சொல்லிருவேன். நீ வேணா எங்க சொந்தத்துல யாருகிட்டயும் கேட்டுப் பாரு. வாசத்துக்கு வாசம், பதத்துக்குப் பதம், எல்லாம் கண்ணும் மூக்குந்தான்.

மாமிசத்தைத் தொட்டியான்னு கேக்குதியா? தொட்டேன். பொழைப்புன்னு வந்தாச்சு. மெட்டில்டா கழுவி நறுக்கித் தருவா, நான் கரண்டியால ஆக்குவேன். வாயில படக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. ஆக்கி முடிச்சு மூடி வச்சதும் நேரே பின்னால போயி தலைக்கு ஊத்திக்கிடுவேன். துணி மாத்தி, விபூதி பூசி, வந்து நிக்கதுக்குக் கால் மணிநேரம் ஆகும். அதுக்குள்ள சாரு வந்து உக்காந்திருப்பாரு. நானே என் கையால எடுத்து வைப்பேன்.

சீனாச் சமையல் லேசுன்னு நெனைக்காத. உருளக்கெழங்கை தலைமுடி கணக்கா மெல்லிசா சீவி, தண்ணியில அலசி, வினிகரு விட்டு ரெண்டு நிமிசத்துல எறக்கணும். கெழங்கு நறுக்குன்னு இருக்கணுமாம். நமக்குக் கெழங்குன்னா வேகணும்லா? மொத நாளு மனசு கேக்காம நான் மூடி போட்டு வேக வச்சிட்டேன். மதினி வீடியோவை மறுபடி பாத்தப்பொறவுதான் தெரிஞ்சுது. பெறவு தடியங்காயும், அதான் வெள்ளைப் பூசணி, எலும்பும் போட்டு ஒரு சூப்பு. தடியங்கா நம்ம ஊரு காய், அதைப் போயி எலும்போட கூட்டு சேத்தா எப்படி? வெளமீனை முழுசா ஆவியில வச்சு எடுத்து, மேல இஞ்சியும் வெங்காயத் தாளும் தூவி, காஞ்ச எண்ணெயைச் சொய்ங்குன்னு ஊத்துவாவ. அதைப் பாத்ததும் எனக்குத் தைரியம் வந்துருச்சு. கடைசியில தாளிச்சுக் கொட்டுதவங்க நமக்கு அன்னியம் இல்லன்னு மெட்டில்டாகிட்ட சொன்னேன். நம்ம ஊருலயே அந்த இரும்புச் சட்டிக்குச் சீனச்சட்டின்னுதானே பேரு.

மொத ரெண்டு மூணு நாளு சாரு சரியாச் சாப்பிடல. கை படியலன்னு நெனைச்சேன். அஞ்சாம் நாளு தக்காளி போட்டு முட்டை வதக்குனேன் பாரு, சாரு ஒரு வாய் வச்சாரு, தலையைக் குனிஞ்சாரு, நிமிரவே இல்ல. சோத்தைப் போட்டுப் பெசஞ்சு தட்டை வழிச்சுத் தின்னாரு. அஞ்சே நாளு. என் கை அஞ்சே நாள்ல படிஞ்சிருச்சு. அன்னையிலயிருந்து தட்டுல ஒரு பருக்கை மிஞ்சாது. பெல்ட்டுல பழைய ஓட்டைக்கு வந்துட்டாரு. மெட்ராஸ் ஆள் பேச்சையே காணோம்.

எங்க வீட்டுக்காரவுக இருபத்தாறு வருசம் என் கையால சாப்பிட்டாவ. ஒரு நாளு நல்லாருக்குன்னு சொன்னதில்ல, நல்லால்லன்னும் சொன்னதில்ல. தட்டை நகத்தி வச்சிட்டு எந்திரிச்சிருவாவ. அவுக செத்த அன்னைக்குக்கூட எனக்கு அந்தக் கொறைதான் நெஞ்சுல நின்னுச்சு. பொங்கலுக்குக் கம்பெனியில எல்லாரையும் கூப்பிட்டு விருந்து வச்சாவ. பெரிய ஆபீசருமாரு, அவங்க வீட்டுப் பொம்பளைங்கன்னு நாப்பது பேரு இருப்பாவ. லியாங் சாரு எந்திரிச்சு நின்னாரு. கையில ஒரு துண்டுத்தாளு, அதுல அவங்க எழுத்துல தமிழை எழுதி வச்சிருக்காரு. அதைப் பாத்துப் பாத்து வாசிச்சாரு. "அக்கா சமையல் சாப்பிட்டா, எங்க வீட்டுல இருக்கேன்."

எல்லாரும் கை தட்டுதாவ. எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கல. இதைக் கேக்கதுக்குத்தான் இத்தனை வருசம் அடுப்புல வெந்தோம்னு தோணுச்சு. கும்பிடுதேன், கும்பிட்டுக்கிட்டே நிக்கேன். சாரு என்னைப் பாத்துக் கும்பிட்டாரு, பெறவு ஓரமா எச்சித்தட்டு எடுத்துக்கிட்டிருந்த மெட்டில்டாவையும் பாத்து ஒரு கும்பிடு போட்டாரு. பாத்திரம் கழுவுதவளுக்கும் மரியாதை குடுக்காரு, பெரிய மனுசன் குணம்னு நெனைச்சேன். அப்படி ஒரு கிறுக்கி நான்.

சித்திரை மாசம் ஒரு நாளு. தூத்துக்குடியில தண்ணி கஷ்டம் ஒனக்குத் தெரியும்லா. அன்னைக்குப் பன்னிக்கறி. சீனியைக் கருக்கி நெறம் ஏத்தி, சோயா சாஸ் விட்டு ஒண்ணரை மணிநேரம் வேகணும். ஆக்கி மூடிட்டுக் குளிக்கப் போனா குழாயில காத்துதான் வருது. மோட்டாரு ஓடல. செல்வின் தம்பிகிட்ட சொல்லலாம்னு திரும்பி வாரேன். அடுப்படி வாசலுக்கு வந்ததும் கால் அப்படியே நின்னுருச்சு.

மெட்டில்டா என் சட்டியைத் தொறந்து வச்சிருக்கா. கரண்டியில எடுத்து உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நக்குதா. நக்கிட்டு உப்பு ஒரு கை போடுதா. கருப்புப் பாட்டிலை எடுத்துச் சாய்க்கா. கிண்டுதா. மறுபடி நக்குதா. அதுகூடப் பரவால்லம்மா. அந்தப் பக்கத்து வாசல்ல லியாங் சாரு நிக்காரு. அவரும் உள்ளங்கையை நீட்டுதாரு. இவ அவரு கையிலயும் ஒரு சொட்டு விடுதா. அவரு நாக்குல வச்சுப் பாத்துட்டு, சீனி கொஞ்சம்னு வெரலைக் காட்டுதாரு. இவ போடுதா. பெறவு ரெண்டு பேரும் தலையாட்டிக்கிடுதாவ. ஒரு பேச்சு கெடையாது. அவ்வளவு பழக்கம். நான் தலைக்கு ஊத்திக்கிட்டிருந்த அந்தக் கால் மணிநேரத்துல, அத்தனை மாசமும் இதுதான் நடந்திருக்கு.

எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? பொங்கல் அன்னைக்குக் கேட்ட அந்த வார்த்தை எனக்கில்லன்னு தோணுச்சு. என் வாழ்க்கையில ஒரே ஒருத்தரு சொன்ன ஒரே ஒரு நல்ல வார்த்தை. அதுவும் எனக்குச் சொன்னதில்ல. நான் கும்பிட்டுக்கிட்டு நின்னேன் பாரு, நாப்பது பேரு முன்னால. அதை நெனைச்சா இப்பவும் ஒடம்பு கூசுது.

நான் கத்தல. உள்ள போனேன். மெட்டில்டா கரண்டியைக் கீழ போட்டுட்டா. எத்தனை நாளா நடக்குன்னு கேட்டேன். ஏளா, கூடவே இருந்து குழி பறிச்சிருக்கியே, நான் ஒனக்கு என்ன கொறை வச்சேன், என் புதுச்சேலையில ரெண்டு ஒனக்குக் குடுத்திருக்கேனேன்னு கேட்டேன். அப்பத்தான் வாயைத் தொறந்தா.

"யக்கா, சாரு பசியில கெடந்தாரு. வேற ஒண்ணுமில்லக்கா."

பாரு, எப்படிப் பேச்சு. அப்போ நான் என்ன அவரைப் பட்டினியாப் போட்டேனா? மதினி வீடியோவை எழுத்துக்கு எழுத்து பாத்துப் பாத்து ஆக்குனவ நானு. அடுப்புச் சூட்டுல நின்னவ நானு. இவ கடைசியில வந்து ஒரு கை உப்பைப் போட்டுட்டு, சமையலே அவளோடதா? நீயே சொல்லு.

சாருகிட்டயும் கேட்டேன். அவரு போன்ல நம்ம பேசுனா அவங்க பாஷையில எழுதும், அவரு பேசுனா தமிழ்ல ஒரு பொம்பள கொரலு சொல்லும். நீங்க ஏன் சாரு எங்கிட்ட சொல்லலன்னு அதுல கேட்டேன். அவரு அந்த எழுத்தை வாசிச்சுப் பாத்தாரு. பெறவு மெதுவா என்னமோ சொன்னாரு. போன் பொம்பள சொல்லுதா, "நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள். அதை எடுக்க நாங்கள் விரும்பவில்லை."

நாங்கள். கேட்டியா? அவரும் அவளும் நாங்கள். நான் யாரு? நான் சந்தோஷமா இருக்கணும்னு இவங்க ரெண்டு பேரும் கூடிப் பேசியிருக்காவ. சின்னப்பிள்ளைக்குத் தோத்துக் குடுத்து வெளையாடுவாவளே, அந்த மாதிரி. எனக்கு மெட்டில்டா நக்குனதைவிட இதுதான் நெஞ்சை அறுத்துச்சு. ஏசியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

செல்வின் தம்பிகிட்ட போனேன். சட்டியில எச்சில் பண்ணுதா, ஆபீசருமாரு சாப்பிடுத எடம், நாளைக்கு யாருக்காவது வயித்துக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுததுன்னு கேட்டேன். தம்பிக்கு மனசில்ல. யக்கா, நல்லாத்தானே போயிக்கிட்டிருக்குன்னு இழுத்தாரு. அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னுட்டேன். மறுநாள்லயிருந்து அவளை மெஷின் பக்கம் இருக்க கேண்டீனுக்குக் கூட்டிப் பெருக்க மாத்திட்டாவ. போகும்போது கெழங்கு சீவுத கத்தியைக் கழுவித் தொடைச்சு, என் பக்கத்துல வச்சிட்டுப் போனா. மூஞ்சியில கோவம் இல்ல. கோவப்பட என்ன யோக்கியதை இருக்கு அவளுக்கு?

அதுக்குப் பெறவு ஒரு மாசம் நான் ஒத்தையா ஆக்குனேன். கறியையும் நானே கழுவுனேன், மூக்கைப் பொத்திக்கிட்டு. குளிக்கப் போகும்போது அடுப்படியைப் பூட்டிச் சாவியை முந்தியில முடிஞ்சுக்கிட்டுப் போனேன். அந்த ஒரு மாசமும் சாரு சாப்பிட்டாரும்மா. ஒரு நாளு மிச்சம் வைக்கல. தட்டு காலி. அதைப் பாக்கப் பாக்க எனக்கு உள்ளுக்குள்ள குளுந்துச்சு. பாத்தியா, அவ உப்பும் வேண்டாம் புளியும் வேண்டாம், என் கையே போதும்னு நெனைச்சேன். கேண்டீன் பக்கம் அவளைப் பாத்தா வேணும்னே சிரிச்ச மொகமாப் போவேன். ஒரு நாளு செல்வின் தம்பிகிட்ட, தட்டைப் பாத்தீங்களா தம்பி, கழுவவே வேண்டாம்னு சொன்னேன். தம்பி ஆமாக்கான்னாரு. என் மொகத்தைப் பாக்கல.

போன வெள்ளிக்கெழமை. உருளக்கெழங்கும் தடியங்கா சூப்பும். பரிமாறிட்டு நான் தண்ணி கொண்டாரப் போனேன். சாரு என்னமோ எடுக்கக் குனிஞ்சாரு போல, சட்டைப் பையிலயிருந்து ஒரு பொட்டலம் கீழ விழுந்து சிதறுச்சு. நான் சொம்போட வந்து நிக்கேன். தரையில பொடி உப்பு. அவரு அப்படியே மண்டி போட்டுக் கையால கூட்டி அள்ளுதாரு. அம்பது வயசு மனுசன், என் காலடியில. அவரு மூஞ்சி செவந்து போச்சு. எனக்கு அது பெருசாத் தெரியல. அந்தப் பொட்டலம் மடிச்சிருந்த தாளைத்தான் பாத்தேன். நியூஸ் பேப்பரைக் கோணலா மடிச்சு, ஓரத்தை உள்ள சொருகி, மேல ஒரு காது விட்டு. எனக்குத் தெரியாதா அந்த மடிப்பு? மூணு வருசம் என் பக்கத்துல உக்காந்து கடுகும் மொளகும் மடிச்சு வச்சவ மடிப்பும்மா அது.

காலையில கடக்கரை வரைக்கும் நடந்துட்டு வருவாரு சாரு. அவ வீட்டு வழியாத்தான் போகணும். நெதம் அவ ஒரு பொட்டலம் குடுத்து விட்டிருக்கா. அவரு நான் தண்ணி எடுக்கத் திரும்பும்போது தூவித் தின்னிருக்காரு. ஒரு மாசம். நானும் தட்டு காலியா இருக்குன்னு பூரிச்சுப் போயிருக்கேன். என்னை வெளிய நிறுத்தி வச்சிட்டு இவங்க ஒரு குடும்பமா இருந்திருக்காவ. இதுக்குப் பேரு துரோகம் இல்லாம வேற என்ன? கல்யாண வீட்டுல பத்திரிகை இல்லாம போயி முன் வரிசையில உக்காந்தவ மாதிரி ஆயிட்டேன்.

அன்னைக்கே கணக்கை முடிங்கன்னு சொல்லிட்டேன். செல்வின் தம்பி வேண்டாம்க்கான்னு எவ்வளவோ சொன்னாரு. இப்ப அந்த அடுப்படியில யாரு நிக்கான்னு நெனைக்கே? அவதான். கம்பெனியே கூப்பிட்டுக் குடுத்துருச்சு. வீடியோ ஒண்ணும் பாக்கல அவ, போன்கூட பட்டன் போன்தான். நான் ஆக்குனதைப் பக்கத்துல நின்னு பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டா. என் ஒன்பது மாசப் படிப்பு. நேத்து நான் பெட்டி கட்டும்போது வந்தா. யக்கா, போகாதீங்கக்கா, நீங்க ஆக்குங்க, நான் பழையபடி பாத்திரம் கழுவுதேன்னு அழுதா. நான் திரும்பிப் பாக்கல. பாத்தா எங்க நானும் அழுதுருவேனோன்னு இருந்துச்சு. அவ நடிப்புக்கு நான் ஏன் அழணும்?

என்ன கேக்குதே? பஸ் சத்தத்துல சரியா விழல. அவ ஒருவாட்டிகூட எங்கிட்ட நேரா சொல்லலையான்னா?

சொன்னா. சொல்லலன்னு நான் சொல்ல மாட்டேன், எனக்குப் பொய் பேசிப் பழக்கமில்ல. ஆரம்பத்துல, மூணாம் நாளோ நாலாம் நாளோ. நான் குளிக்கப் போகப் போறேன், அவ பின்னாலயே வந்து, யக்கா, உப்பு பத்தல, இன்னும் ரெண்டு கல்லு போடுங்கன்னா. ஒனக்கெப்படித் தெரியும்னு கேட்டேன். ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்தேங்கா. எனக்கு வந்துச்சு பாரு ஒரு கோவம். சட்டியைத் துணி வச்சுத் தூக்கிட்டுப் போயி பின்னால சாக்கடையில அப்படியே கவுத்தேன். அவ பாக்கப் பாக்க சட்டியை மூணு தடவை சாம்பல் போட்டுத் தேய்ச்சேன். இன்னொரு தடவை என் சமையல்ல வாய் வச்சே, இந்த வாசப்படியில ஒன் நெழலு விழக்கூடாதுன்னேன். அன்னைக்கு மத்தியானம் சாரு வந்து வெறும் சட்டியைப் பாத்தாரு. ரெண்டு பிஸ்கட்டைத் தின்னு தண்ணியைக் குடிச்சிட்டு, வெயில்ல வேலைக்கு நடந்து போனாரு. அவ கேட்டுப் பக்கம் நின்னு, அவரு கண்ணுக்கு மறையுத வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா.

அதோட சரி. அதுக்குப் பெறவு அவ அந்தப் பேச்சே எடுக்கல. ஒன்பது மாசம்மா. கூடவே இருந்தவ, யக்கா யக்கான்னு கால் அமுக்குனவ. எங்கிட்ட என்ன பயம் அவளுக்கு? இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்லா?